வெளிநாட்டு நாணயத்தில் விமான டிக்கெட்: வாங்கும் நாள் முதல் ரீஃபண்ட் வரும் நாள் வரை முழுமையான வழிகாட்டி

டிக்கெட்டை ரத்து செய்தவர்கள் என்னிடம் கொண்டுவரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "முழுப் பணத்தையும் திருப்பிவிட்டோம் என்கிறது விமான நிறுவனம். கணக்கில் குறைவாகத்தான் வந்திருக்கிறது." விசாரித்துப் பார்த்தால் பல நேரம் இரண்டுமே உண்மையாக இருக்கும். 800 யூரோ போனது, 800 யூரோவே திரும்பியது. போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை நாணயம் மாறியதில்தான் பணம் கரைந்தது.

டிக்கெட் வாங்கும் நாளிலேயே, நாளை இதை ரத்து செய்ய வேண்டி வரலாம் என்று வைத்துக்கொண்டு வேலை செய்தால் இந்த இழப்பில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். ஐந்தாம் படியில் செய்த தவறைப் பத்தாம் படியில் சரிசெய்ய முடிவதில்லை.

1. தேடத் தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் உங்கள் கார்டின் கட்டணப் பட்டியலைத் திறந்து, வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். சில கார்டுகளில் இது பூஜ்யம், பலவற்றில் 3 சதவீதம் வரை இருக்கும். அதே பக்கத்தில் இன்னொரு வரியையும் தேடுங்கள்: உங்கள் நாணயத்திலேயே கட்டினாலும், விற்பவர் வெளிநாட்டில் பதிவானவர் என்றால் கட்டணம் உண்டா? பல வங்கிகளில் உண்டு. "என் நாணயத்தில்தானே கட்டினேன், எதற்குக் கட்டணம்?" என்ற கேள்விக்கான பதில் அந்த வரியில்தான் இருக்கும்.

அடுத்தது கார்டின் ஆயுள். பயணம் பத்து மாதம் கழித்து என்றால், ரீஃபண்ட் வரும் நாளிலும் அந்தக் கணக்கு திறந்திருக்க வேண்டும். விரைவில் மூடப்போகும் கணக்கின் கார்டு, ஒருமுறை மட்டும் பயன்படும் மெய்நிகர் கார்டு, நண்பரின் கார்டு மூன்றும் வேண்டாம். ரீஃபண்ட் பொதுவாகப் பணம் வந்த வழியே திரும்பிச் செல்லும். நண்பரின் கார்டில் கட்டினால் பணம் நண்பருக்குத்தான் போகும்.

விசா, மாஸ்டர்கார்டு இரண்டுமே தங்கள் தளங்களில் அன்றாட மாற்று விகிதக் கணிப்பானை வைத்திருக்கின்றன. உங்கள் கார்டு எந்த வலையமைப்போ அதன் பக்கத்தைக் குறித்து வையுங்கள். தேடுபொறி காட்டுவது சந்தையின் நடு விகிதம், அதாவது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுப்புள்ளி. அந்த விகிதத்தில் பெரும்பாலும் உங்களுக்கு மாற்றித் தரமாட்டார்கள்.

2. திரையில் தெரியும் தொகை எந்த நாணயம் என்று உறுதி செய்யுங்கள்

இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் புதியவர்கள் முதலில் இடறுவது இங்கேதான். டாலர் குறியை அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், ஹாங்காங் எல்லாமே பயன்படுத்துகின்றன. யென்னுக்கும் யுவானுக்கும் ஒரே குறி. சுவீடன், நார்வே, டென்மார்க் மூன்றின் குரோனாவும் ஒரே இரண்டு எழுத்தில் எழுதப்படும்.

எனவே குறியை நம்பாமல் ஐஎஸ்ஓ 4217 மூன்றெழுத்துக் குறியீட்டைத் தேடுங்கள்: யுஎஸ்டி, சிஏடி, ஏயுடி என்று தெளிவாக இருக்க வேண்டும். அது தெரியாவிட்டால் அந்தப் பக்கத்தில் கார்டு எண்ணைத் தட்டாதீர்கள்.

தசமப் புள்ளியும் ஏமாற்றும். யென்னுக்குத் தசம இலக்கமே கிடையாது. குவைத், பஹ்ரைன் தினார்களுக்கும் ஓமன் ரியாலுக்கும் மூன்று தசம இலக்கம். 85.500 தினார் என்பதை எண்பத்தைந்தாயிரத்து ஐந்நூறு என்று படித்துப் பதறியவரையும் பார்த்திருக்கிறேன், 85,500 யென்னை எண்பத்தைந்தரை என்று நினைத்து மகிழ்ந்தவரையும் பார்த்திருக்கிறேன்.

3. கட்டணம் எந்த நாணயத்தில் பிறக்கிறது என்று பாருங்கள்

சர்வதேச டிக்கெட்டின் அடிப்படைக் கட்டணம் பொதுவாகப் பயணம் தொடங்கும் நாட்டின் நாணயத்தில், அல்லது அந்த நாட்டுக்கென வகுத்த நாணயத்தில் நிர்ணயிக்கப்படுகிறது. வேறு நாணயத்தில் கட்டினால் அது மாற்றப்பட்டு, இ-டிக்கெட் ரசீதில் 'ஈக்விவலன்ட் ஃபேர் பெய்ட்' என்ற வரியில் வரும். வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் அந்தந்த நாட்டு நாணயத்தில் பிறந்து, பிறகு மாற்றப்பட்டவை. ஆக, நீங்கள் கார்டை எடுப்பதற்கு முன்பே டிக்கெட்டுக்குள் ஒரு சுற்று மாற்றம் நடந்திருக்கலாம்.

இதைத் தெரிந்துகொள்வதில் ஒரு பயன் உண்டு. விமான நிறுவனத்தின் தளத்தில் 'நாடு' என்ற தேர்வை மாற்றினால் விற்பனை இடம் மாறும், தொகை வரும் நாணயமும் பெரும்பாலும் மாறும். கட்டணம் பிறந்த நாணயத்திலேயே ஒரு முறையும், உங்கள் நாணயத்தில் ஒரு முறையும் விலையை எடுத்துப் பாருங்கள். முதல் தொகையை உங்கள் கார்டு வலையமைப்பின் விகிதத்தால் பெருக்கி, வங்கிக் கட்டணத்தைச் சேர்த்து, இரண்டாவதோடு ஒப்பிடுங்கள். எது குறைவோ அதை எடுங்கள். எப்போதும் இதுதான் மலிவு என்று விதி எதுவும் கிடையாது. வெளிநாட்டுக் கட்டணமே இல்லாத கார்டு வைத்திருப்பவருக்கும், 3 சதவீதம் கட்டுபவருக்கும் விடை வேறாக வரும்.

ரசீதில் என்யுசி, ஆர்ஓஇ என்ற எழுத்துகளோடு நீளமான கணக்கு வரி ஒன்று இருக்கும். என்யுசி என்பது பல நாட்டுக் கட்டணங்களைக் கூட்டுவதற்கான பொது அலகு, ஆர்ஓஇ என்பது விமான நிறுவனங்களின் சர்வதேச கூட்டமைப்பான ஐஏடிஏ வெளியிடும் விகிதம். கட்டணத்தைக் கட்டமைக்க மட்டுமே அது பயன்படுகிறது. அதைக் காட்டி, "எனக்கு ஏன் இந்த விகிதம் தரவில்லை?" என்று வங்கியிடம் வாதாடுவது வீண். உங்கள் கார்டுக்கும் அந்த எண்ணுக்கும் தொடர்பே இல்லை.

4. பணத்தை வாங்கப்போவது யார் என்று கேளுங்கள்

விமான நிறுவனமே வாங்குகிறதா, இணைய ஏஜென்ட் வாங்குகிறாரா? ஏஜென்ட் என்றால் சில நேரம் ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு பற்றுகள் வரும்: கட்டணம் விமான நிறுவனத்தின் பெயரில் ஒரு நாணயத்தில், சேவைக் கட்டணம் ஏஜென்ட் பெயரில் இன்னொரு நாணயத்தில். ரத்து செய்யும்போது முதலாவது திரும்பலாம், இரண்டாவது பெரும்பாலும் திரும்பாது.

ஏஜென்ட்டே முழுத் தொகையையும் வாங்கியிருந்தால், விமான நிறுவனம் ரீஃபண்டை அவருக்குத்தான் அனுப்பும். அவர் கணக்கு ஒரு நாணயத்திலும் உங்களிடம் வாங்கியது இன்னொரு நாணயத்திலும் இருந்தால் மூன்றாவது மாற்றமும் நடந்துவிடும். கைகள் கூடக் கூட ஓட்டைகளும் கூடும். ரத்து செய்ய வாய்ப்புள்ள பயணம் என்றால், சில ரூபாய் மிச்சத்துக்காக ஏஜென்ட்டிடம் போகாமல் விமான நிறுவனத்திடமே வாங்குவது என் வழக்கம்.

5. பணம் கட்டும் பக்கம்: மிகவும் நிதானிக்க வேண்டிய இடம்

கார்டு எண்ணைக் கொடுத்ததும் தளம் உங்கள் கார்டு எந்த நாட்டுடையது என்று கண்டுகொள்ளும். உடனே ஒரு சலுகை முளைக்கும்: "உங்கள் சொந்த நாணயத்திலேயே கட்டுங்கள், இறுதித் தொகை இப்போதே தெரியும்." இதற்கு டைனமிக் கரன்சி கன்வர்ஷன், சுருக்கமாக டிசிசி என்று பெயர். இங்கே மாற்றுவது உங்கள் வங்கியோ கார்டு வலையமைப்போ அல்ல. விற்பவரும் அவருடைய சேவை நிறுவனமும்தான். விகிதத்தை அவர்கள் வைக்கிறார்கள், அதில் அவர்களுடைய லாபமும் சேர்ந்திருக்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். 1 யூரோவின் நடுச் சந்தை விகிதம் உங்கள் நாணயத்தில் 100 என்று வையுங்கள். டிக்கெட் 800 யூரோ. டிசிசி 5 சதவீதம் கூட்டி 105 என்று மாற்றினால் 84,000. டிசிசி வேண்டாம் என்றால், கார்டு வலையமைப்பு 100.5 என்று மாற்றி 80,400, அதன்மேல் வங்கிக் கட்டணம் 3 சதவீதம் 2,412, மொத்தம் 82,812. வெளிநாட்டுக் கட்டணம் இல்லாத கார்டு என்றால் 80,400-உடன் முடிந்தது. டிசிசி எடுத்த பிறகும், விற்பவர் வெளிநாட்டவர் என்று உங்கள் வங்கி தனியாகக் கட்டணம் போடக்கூடும் என்பதையும் மறக்காதீர்கள். அப்போது இரண்டு பக்கமும் அடி.

புதியவர்கள் இங்கே மூன்று வகையில் தடுமாறுகிறார்கள். சொந்த நாணயத் தேர்வு முன்கூட்டியே டிக் செய்யப்பட்டிருப்பதைக் கவனிக்காமல் கடப்பது முதலாவது. 'விகிதத்தை ஏற்கிறேன்' என்ற பொத்தானைப் பணம் கட்டும் பொத்தான் என்று நினைத்து அழுத்துவது இரண்டாவது. மூன்றாவது நுட்பமானது: தேடல் பக்கத்தின் மேல்மூலையில் நாணயத்தை மாற்றிவிட்டு, பணமும் அதிலேயே பிடிக்கப்படும் என்று நம்புவது. ஒப்பீட்டுத் தளங்கள் பலவற்றில் அந்தத் தேர்வு காட்சிக்கு மட்டும். கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் "உங்கள் கார்டில் இந்த நாணயத்தில் பிடிக்கப்படும்" என்று வேறொன்று இருக்கும். எந்த நாணயத்தில் பிடிக்கப்படுகிறதோ அந்தத் தொகைதான் உண்மை.

டிசிசி தருபவர் தன் விகிதத்தையும் கூடுதல் தொகையையும் காட்டி, உங்களுக்கு மறுக்கும் உரிமையையும் தர வேண்டும் என்பது கார்டு வலையமைப்புகளின் விதி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஏப்ரல் முதல், ஐரோப்பிய மத்திய வங்கியின் குறிப்பு விகிதத்தைவிட எத்தனை சதவீதம் கூடுதல் என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்தச் சதவீதம் கண்ணில் பட்டால் உங்கள் வங்கிக் கட்டணத்தோடு ஒப்பிடுங்கள். படாவிட்டால் மறுத்துவிட்டு விற்பவரின் நாணயத்திலேயே கட்டுங்கள்.

6. கட்டிய பத்து நிமிடத்துக்குள் சேர்த்து வைக்க வேண்டியவை

கடைசிக் கட்டணப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் (நாணயக் குறியீடு தெரிய வேண்டும்), இ-டிக்கெட் ரசீது, வங்கியின் குறுஞ்செய்தி, அன்றைய கார்டு விகிதம். நான்கையும் ஒரே கோப்புறையில் போடுங்கள். ரத்து விதிகள் உள்ள பக்கத்தையும் அதோடு சேருங்கள். அது பின்னால் மாறிவிடலாம்.

டிக்கெட் எண் 13 இலக்கம், முதல் மூன்று இலக்கம் விமான நிறுவனத்தைக் குறிக்கும். பிஎன்ஆர் என்பது ஆறு எழுத்து முன்பதிவுக் குறி. ரீஃபண்ட் பேச்சுக்கு டிக்கெட் எண்தான் வேண்டும். பிஎன்ஆர் மட்டும் வைத்திருப்பவர்களை ரீஃபண்ட் பிரிவு திருப்பி அனுப்புவது வழக்கமான காட்சி.

பிறகு மூன்று, நான்கு நாள் கழித்து ஸ்டேட்மென்ட்டைப் பாருங்கள். குறுஞ்செய்தியில் வந்தது தற்காலிகமாகப் பிடித்துவைத்த தொகை. கணக்கில் பதிவாகும் நாளில்தான் பல கார்டுகளில் இறுதி விகிதம் அமையும். இரண்டும் கொஞ்சம் வேறுபட்டால் அது தவறல்ல. பதிவான தொகையையும் தேதியையும் கோப்புறையில் எழுதி வையுங்கள். பின்னால் செய்யும் கணக்கு முழுதும் இந்தத் தொகையை வைத்துத்தான்.

7. ரத்து செய்வதென்றால், முடிந்தவரை அன்றே

டிக்கெட் வழங்கிய அதே நாளில் ரத்து செய்தால், பல நேரம் அது ரீஃபண்ட் ஆகாமல் 'வாய்டு' ஆகும், அதாவது டிக்கெட் வழங்கியதே செல்லாததாகும். கார்டில் பணம் இன்னும் பதிவாகாமல் பிடித்துவைத்த நிலையிலேயே இருந்தால், அந்தப் பிடிப்பு அப்படியே விலகும். நாணயமே மாறாததால் இழப்பும் இல்லை. அமெரிக்காவுக்குப் போகும், அங்கிருந்து புறப்படும் விமானங்களுக்கு, புறப்பாட்டுக்கு ஏழு நாளுக்கு முன்பே விமான நிறுவனத்திடம் நேரடியாக வாங்கியிருந்தால், 24 மணி நேரத்துக்குள் அபராதமின்றி ரத்து செய்யவோ, பணம் கட்டாமல் விலையை 24 மணி நேரம் பிடித்துவைக்கவோ வாய்ப்புத் தர வேண்டும் என்பது அந்நாட்டு விதி. இரண்டில் எதைத் தருவது என்பது விமான நிறுவனத்தின் விருப்பம்.

பெயரில் எழுத்துப் பிழை, தேதி மாறிப்போனது போன்றவை பெரும்பாலும் முதல் மணி நேரத்தில்தான் தெரியவரும். "நாளை பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டால், இழப்பே இல்லாத வழி மூடிவிடும்.

8. ரத்துப் பொத்தானை அழுத்தும் முன்

திரையில் வரும் தொகை எந்த நாணயத்தில் என்று மறுபடியும் பாருங்கள். கட்டிய நாணயமும் திரும்பும் நாணயமும் ஒன்றாக இருக்க வேண்டும். 800 யூரோ கட்டியவருக்கு டாலரில் ரீஃபண்ட் என்று காட்டினால், நடுவே விமான நிறுவனத்தின் விகிதம் புகுந்திருக்கிறது. அழுத்தாதீர்கள். எழுத்தில் கேளுங்கள்.

கார்டுக்குத் திருப்புகிறோம் என்ற தேர்வுக்கு மேலே, கண்ணைப் பறிக்கும் நிறத்தில் வவுச்சர் இருக்கும். வவுச்சருக்கும் நாணயம் உண்டு. யூரோவில் பெற்றதை வேறு நாட்டுத் தளத்தில் செலவழிக்க முடியாமல் போகலாம், முடிந்தாலும் அவர்கள் விகிதத்தில்தான். பயணத்தை விமான நிறுவனமே ரத்து செய்திருந்தால், பணமாகவே கேட்கும் உரிமை பல நாடுகளில் உண்டு. அந்த நிலையில் வவுச்சரை ஏற்பது பெரும்பாலும் நஷ்டம்.

எவ்வளவு நாளில் வரும் என்பதும் விகிதத்தைப் பாதிக்கும், ஏனென்றால் மாற்றம் நடப்பது பணம் வந்து சேரும் நாளில். விமான நிறுவனம் ரத்து செய்த பயணத்துக்கு ஐரோப்பிய ஒன்றிய விதி 261/2004 ஏழு நாள் கெடு வைக்கிறது. அமெரிக்க விதி கிரெடிட் கார்டுக்கு ஏழு வேலை நாள், மற்ற வழிகளுக்கு 20 நாள் என்கிறது. கெடு தாண்டினால் நினைவூட்டுங்கள். காத்திருந்த நாளில் உங்கள் நாணயம் வலுப்பெற்றால் கைக்கு வருவது குறையும். வலுவிழந்தால் கூடுதலாகவும் வரும், அப்படி வந்தவர்கள் யாரும் என்னிடம் புகாரோடு வந்ததில்லை.

9. வந்த தொகையைப் பிரித்துப் பார்ப்பது

பணம் வந்ததும் கட்டிய தொகையிலிருந்து நேராகக் கழித்து, "இவ்வளவு குறைகிறது" என்று சண்டைக்குப் போகிறார்கள். அது தவறான கணக்கு. முதலில் வந்த தொகையை வெளிநாட்டு நாணயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள்.

நம் உதாரணத்தில் 82,812 கட்டினீர்கள், 79,600 வந்திருக்கிறது. குறைவு 3,212. பணம் பதிவான நாளின் கார்டு விகிதம் 99.5 என்று வையுங்கள். 79,600-ஐ 99.5-ஆல் வகுத்தால் சரியாக 800. விமான நிறுவனம் ஒரு காசும் பிடிக்கவில்லை. குறைந்ததில் 2,412 என்பது வாங்கும்போது வங்கி எடுத்த கட்டணம். மீதி 800 என்பது வாங்கும் விகிதத்துக்கும் விற்கும் விகிதத்துக்கும் உள்ள இடைவெளி. சந்தையில் யூரோ நகரவே இல்லை, ஆனாலும் இவ்வளவு போயிற்று.

வேறொரு நிலை: வந்தது 77,212. அதே 99.5-ஆல் வகுத்தால் 776. இப்போது 24 யூரோவைக் காணோம். இது விகிதத்தால் வந்த குறைவல்ல. ரத்துக் கட்டணமாக இருக்கலாம், திரும்பாத வரியாக இருக்கலாம், விமான நிறுவனம் தானே மாற்றி அனுப்பியதாகவும் இருக்கலாம். வகுத்து வரும் எண் முழுமையாக இல்லாமல் 799.6 என்பதுபோல் வந்தால், விகிதத் தேதியை ஒரு நாள் முன்பின் நகர்த்திப் பாருங்கள். அதிலும் பொருந்தாவிட்டால், வந்த தொகையிலும் வங்கி கட்டணம் பிடித்ததா என்று ஸ்டேட்மென்ட்டில் பாருங்கள். சில வங்கிகள் திரும்பும்போதும் பிடிக்கின்றன.

பல நாணயக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. யூரோ இருப்பிலிருந்து கட்டி, அதே யூரோ இருப்புக்குத் திரும்பினால் மாற்றமே இல்லை. ஆனால் இடையில் அந்த இருப்பை மூடியிருந்தால், வரும் பணம் தானாக வேறு நாணயத்துக்கு மாறிவிடும்.

10. யாரிடம் எதைக் கேட்பது

வெளிநாட்டு நாணயத் தொகையே குறைந்தால் விமான நிறுவனத்திடம். "எவ்வளவு, எந்த நாணயத்தில், எந்தத் தேதியில் அனுப்பினீர்கள்? பிடித்தம் என்ன?" என்று எழுத்தில் கேளுங்கள். என் பணம் குறைந்துவிட்டது என்று உங்கள் நாணயத் தொகையைச் சொல்லித் தொடங்கினால், "வங்கியைக் கேளுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். 24 யூரோ குறைகிறது என்று கேட்டால் அந்தப் பதில் செல்லாது.

வெளிநாட்டுத் தொகை சரியாக இருந்தால் வங்கியிடம். மாற்று விகித வேறுபாட்டை வங்கி ஈடுகட்டாது, அதைக் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணத்தை மட்டும் கேளுங்கள், சில வங்கிகள் முழு ரீஃபண்ட் வந்தால் அதைத் திருப்பித் தருகின்றன. பணிவாக, இரண்டு ஸ்டேட்மென்ட் வரிகளையும் இணைத்துக் கேட்டால் வாய்ப்பு கூடும்.

உங்கள் சம்மதம் இல்லாமல் டிசிசி போட்டிருந்தாலோ, சொன்ன ரீஃபண்ட் வரவே இல்லை என்றாலோ கார்டு வழங்கிய வங்கியில் முறையீடு பதியலாம். விசாவில் தவறான நாணயத்துக்கு 12.3, வராத ரீஃபண்டுக்கு 13.6 என்று தனித்தனிக் காரணக் குறியீடுகளே உள்ளன. கெடு பெரும்பாலும் 120 நாள், எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பது காரணத்தைப் பொறுத்தது. ஆறாம் படியில் சேர்த்த ஸ்கிரீன்ஷாட் இங்கேதான் பேசும். நாணயக் குறியீடு தெரியாத படத்தை வங்கி மதிக்காது.

முறையீடு நடக்கும்போதே விமான நிறுவனம் பணத்தை அனுப்பிவிட்டால், அன்றே வங்கிக்குச் சொல்லி முறையீட்டைத் திரும்பப் பெறுங்கள். இரண்டு வழியிலும் பணம் வந்தால் வங்கி ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொள்ளும், அன்றைய விகிதத்தில்.